கோரல் தெரியும், டிசைன் தெரியவில்லை: அடிப்படையை எங்கே தொடங்குவது?

பாமணி (மன்னார்குடி)

வணக்கம். சித்தப்பாவின் ஃபிளெக்ஸ் கடையில் 2 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்கும் வரைக்கும் என்று வந்தது, இப்போது இதுதான் வேலை. கோரல் டிரா என்கிற டிசைன் மென்பொருளில் கை வேகம் உண்டு. போட்டோவுக்குப் பின்னணி வெட்டுவது, தங்க எழுத்து, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் எல்லாம் 20 நிமிடத்தில் முடித்துவிடுவேன். வாடிக்கையாளரும் சூப்பர் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்.

போன மாதம் ஒன்று நடந்தது. இரவு 9 மணிக்கு ஒருவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வந்தார். நோட்டுத்தாளில் எழுதி வந்திருந்தார், “இறுதி ஊர்வலம் நாளை காலை 10 மணியளவில்” என்று. அப்படியே அடித்தேன். அச்சாகி முடிய நள்ளிரவு, விடிகிற நேரத்தில் ஒட்டினார்கள். காலை 7 மணிக்கு டீ குடித்துக்கொண்டே பார்க்கிறவருக்கு ‘நாளை’ என்றால் எது? மறைந்த தேதி போஸ்டரில் இருக்கத்தான் இருந்தது, ஆனால் வருந்துவோர் பட்டியலில் இருந்த 43 பெயர்களுக்கு மேல், அதே பொடி எழுத்தில், மெரூன் பின்னணியில் சிவப்பாக. இறந்தவரோடு பள்ளிக்கூடம் போன பெரியவர் ஒருவர் மறுநாள் காலை மாலையும் கையுமாக வந்து இறங்கியிருக்கிறார். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். அந்த வீட்டார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மென்பொருள் தெரிகிறது, ஆனால் இந்தப் பக்கத்தில் எது எங்கே இருக்க வேண்டும், ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. இதற்கு அடிப்படை என்று ஒன்று இருக்குமல்லவா, அதை எங்கிருந்து பிடிப்பது? கல்லூரியில் போய்ச் சேரும் நிலையில் இல்லை.

சும்மா படிப்பவன்

தம்பி, இனிமேல் இதைப் படித்து என்ன ஆகப்போகிறது? செல்போனில் நாலு வரி எழுதினால் ஏஐ போஸ்டர் போட்டுக் கையில் கொடுக்கிறது.

மாயவரம் டிடிபி

ஏஐயும் ‘நாளை’ என்று கொடுத்தால் ‘நாளை’ என்றுதான் போட்டுக் கொடுக்கும், சார்.

பாமணி தம்பி, நான் 22 வருடமாக டிடிபி, அதாவது கணினியில் அடித்துப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், பிட் நோட்டீஸ். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது, காது குத்து பத்திரிகையில், அதை விடுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், நீங்கள் நினைப்பது போல அது வடிவமைப்புப் பிழையா எழுத்துப் பிழையா என்று பிரிக்கவே முடியாது. வாடிக்கையாளர் எழுதிக்கொடுப்பதை அப்படியே ஏற்றுவது டைப்பிங். இதை யார், எப்போது, எங்கே நின்று படிப்பார் என்று கேட்டுவிட்டு ஏற்றுவதுதான் மற்றது. எங்கள் கடையில் ‘இன்று’, ‘நாளை’, ‘வருகிற ஞாயிறு’ என்று எந்தத் தாளிலும் போடுவதில்லை. கிழமையும் தேதியும் சேர்த்துத்தான் போடுவேன். கேட்டால் “அக்கா இதெல்லாம் எதுக்கு” என்பார்கள், பரவாயில்லை.

குடந்தை எனாமல்

1970களின் கடைசியில் தொழிலுக்கு வந்தவன் நான். போர்டு, சுவர், லாரி, படகு என்று எழுதாத இடமில்லை. ஃபிளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன். பேரன் செல்போனில் இந்த இழையைக் காட்டினான், அவனே டைப்பும் அடிக்கிறான், பிழை இருந்தால் அவனைக் கேளுங்கள்.

தம்பி, நாங்கள் போர்டு எழுதும்போது முதல் வேலை பெயிண்ட் கலப்பது இல்லை. கடைக்கு எதிர்ச்சாரியில் போய் நிற்பது. அங்கிருந்து இந்த போர்டு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, மரம் மறைக்கிறதா, மின்கம்பி குறுக்கே போகிறதா, சாயங்கால வெயில் மேலே விழுமா, இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நூல் பிடித்துக் கோடு போடுவோம். நீ எங்கே உட்கார்ந்து டிசைன் செய்கிறாய்? திரைக்கு ஒன்றரை அடி தூரத்தில். போஸ்டரைப் பார்ப்பவன் எங்கே நிற்கிறான்? பாதி தப்பு அங்கேயே நடந்துவிடுகிறது.

இன்னொன்று. நான் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினேன். “அனைத்து விதமான மளிகைச் சாமான்களும் மொத்தமாகவும் சில்லறையாகவும் மலிவான விலையில் கிடைக்கும்” என்று எழுதச் சொல்வார் முதலாளி. கணக்குப் போட்டுச் சொன்னதும் “மளிகை, மொத்தம் சில்லறை” என்று இறங்கி வருவார். கூலியே வாசகத்தைச் சுருக்கிவிடும். இப்போது ஃபிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கு. 80 சதுர அடிக்குக் காசு கொடுத்தவன் ஒரு கை அகலம் காலியாகக் கிடந்தாலும் காசு போச்சு என்று நினைக்கிறான். அதனால்தான் பேனர் எல்லாம் சந்தைக் கூட்டம் மாதிரி இருக்கிறது. இதில் உன் தப்பு பாதிதான்.

பாமணி

ஐயா, சதுர அடி விஷயத்தில் தினமும் அதே சண்டைதான். “அந்த மூலை சும்மா கிடக்குதே தம்பி, ஒரு பூவாச்சும் போடு” என்பார்கள். போட்டுவிடுவேன்.

அரிசிலாறு

நான் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் படித்தவள். முதலில் ஒரு தகவல்: கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, இதே பாடம் அங்கேயே 4 வருடப் பட்டப்படிப்பாக உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமல் சென்னைக்குப் போகிறார்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் இருக்கும் 3 வருட விஸ்காம் வேறு, அதில் சினிமா, பத்திரிகை, விளம்பரம், போட்டோ எல்லாம் கலந்து வரும். நீங்கள் சேர முடியாது என்கிறீர்கள், சரி, வீட்டில் பழக வேண்டியதைச் சொல்கிறேன்.

நாங்கள் முதலில் படித்தது, கண் பொருள்களை எப்படிக் கூட்டுச் சேர்க்கிறது என்பது. மாக்ஸ் வெர்தைமர் என்கிற உளவியலாளர் 1923-இல் இதை எழுதினார். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கண் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும். ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே வடிவம் என்றால் தள்ளி இருந்தாலும் சொந்தமாக்கிக்கொள்ளும். உங்கள் போஸ்டரில் நடந்ததை இதை வைத்துப் பாருங்கள். மறைந்த தேதி பெயர்ப் பட்டியலுக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே நிறத்தில் இருந்தது. அதாவது அதை 44-ஆவது பெயராக ஆக்கிவிட்டீர்கள். எந்தக் கண்ணும் அதைத் தேதி என்று எடுக்காது. ‘இறுதி ஊர்வலம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் அந்தத் தேதி ஒட்டிக்கொண்டிருந்தால் ‘நாளை’ என்று இருந்தும்கூடப் பலர் தப்பித்திருப்பார்கள்.

அடுத்தது சிவப்பும் மெரூனும். நிறம் வேறு, வெளிச்சம் வேறு. இரண்டு நிறங்கள் பெயரில் வேறாக இருக்கலாம், ஆனால் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் ஒரே சாம்பலாக நிற்கும். டிசைனை முடித்ததும் ஒருமுறை சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். அதில் படிக்க முடியவில்லை என்றால் வண்ணத்திலும் தூரத்திலிருந்து படிக்க முடியாது.

குடந்தை எனாமல்

கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாலே போதுமம்மா. பெயர் தெரியாமலே நாங்கள் செய்ததுதான்.

அரிசிலாறு

அதேதான் ஐயா. எங்கள் ஆசிரியரும் கண்ணை இடுக்கச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்.

முள்ளியாறு

நான் விவசாயி, திருத்துறைப்பூண்டி பக்கம். டிசைன் எனக்குத் தெரியாது, ஆனால் நிறம் என்றதும் சொல்ல ஒன்று இருக்கிறது. பூச்சி மருந்து டப்பாவில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும், அதில் கீழ்ப் பாதி முக்கோணம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறத்தில். போன சம்பாவில் மருந்தடிக்க வந்த ஆள் முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் டேங்க்கைத் தூக்கினார். ஏன் என்று கேட்டால் டப்பாவைத் திருப்பிக் காட்டுகிறார், “பச்சைதானேங்க போட்டிருக்கு.” அவர் அதை இயற்கை மருந்து என்று நினைத்துவிட்டார். வேளாண்மை அலுவலகத்தில் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது, பச்சை என்றால் மற்ற மூன்றைவிட நச்சு குறைவு, அவ்வளவுதான், நச்சு இல்லை என்று பொருள் இல்லை. சிவப்புதான் உச்சம், அதற்கு அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம்.

இதைப் படம் போட்டவர்கள் படித்தவர்கள்தானே?

வெட்டாறு

அருமையான எடுத்துக்காட்டு அண்ணே. சொந்த ஊர் திருவாரூர், இப்போது சென்னையில் ஒரு செயலி நிறுவனத்தில் திரை வடிவமைப்பு செய்கிறேன். நீங்கள் சொன்னதை எங்கள் குழுவில் அப்படியே சொல்லப்போகிறேன்.

அந்தக் கட்டத்தைப் போட்டவர்கள் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து யோசித்திருக்கிறார்கள். வரிசையாகப் பார்த்தால் சிவப்பிலிருந்து பச்சைக்கு இறங்குவது புரியும். ஆனால் வயலில் நிற்கிறவர் கையில் இருப்பது ஒரே டப்பா. ஒப்பிட வேறு நிறம் அங்கே இல்லை. அவர் பச்சையை ஒப்பிடுவது தனக்குத் தெரிந்த மற்ற பச்சைகளோடு: சிக்னல், மூலிகைக் கடை போர்டு, பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் சைவப் புள்ளி. அந்தப் பச்சையெல்லாம் ‘நல்லது, போகலாம்’ என்கிற பச்சை.

சைவப் புள்ளி என்றதும் ஞாபகம் வருகிறது. அசைவத்துக்கு முன்பு சதுரத்துக்குள் பழுப்பு வட்டம் இருந்தது, சைவத்துக்குப் பச்சை வட்டம். நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறையில் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றினார்கள். இப்போது நிறமே தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும். பாமணி, ஒரு செய்தியை நிறத்தை மட்டும் நம்பி விடக்கூடாது என்பதற்கு நம் மளிகைக் கடையிலேயே பாடம் இருக்கிறது.

சும்மா படிப்பவன்

எல்லாம் சரி, அவர் கேட்டது அடிப்படை. எழுத்து எவ்வளவு பெரிது, எந்த ஃபான்ட், இதைச் சொல்லுங்கள். தத்துவம் ஓடுகிறது.

வெட்டாறு

கேட்கத்தானே வந்தீர்கள், வாங்க. கணக்கே போடலாம்.

விளம்பரப் பலகைத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: வசதியாகப் படிக்க 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம். பஸ் ஸ்டாண்ட் சுவரில் 15 அடி தள்ளி நிற்பவர் படிக்க வேண்டும் என்றால் ஒன்றரை அங்குலம். சாலையோர பேனரை 100 அடியிலிருந்து படிக்க வேண்டுமானால் 10 அங்குலம். இப்போது 40 கிலோமீட்டர் வேகத்தில் பைக்கில் வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நொடிக்கு 36 அடி போய்விடுவார். 100 அடி என்றால் உங்களுக்குக் கிடைப்பது 3 நொடிகூட இல்லை. அதில் பள்ளத்தைப் பார்க்க வேண்டும், ஆட்டைப் பார்க்க வேண்டும். 3 நொடியில் எத்தனை சொல் படிப்பார் என்று நினைக்கிறீர்கள்? கடை பெயர், என்ன கடை, எங்கே. முடிந்தது. செல்போன் எண்ணை 2 அங்குலத்தில் போடுவது அலங்காரம்தான், 20 அடிக்கு அப்பால் அது கோடு.

அந்தக் கைக்கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்து வந்தது என்பதையும் மறக்காதீர்கள். ‘T’ மாதிரி எழுத்து தூரத்திலும் நிற்கும். நம் ‘ண’, ‘ஞ’, ‘ணீ’ எல்லாம் உள்ளே சுழியாக இருப்பவை, தடிமனான ஃபான்ட் போட்டால் சுழி அடைத்துக்கொண்டு கட்டியாகிவிடும். அதனால் தமிழுக்குக் கொஞ்சம் கூடுதல் அளவு, நடுத்தரத் தடிமன். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மாயவரம் டிடிபி

அளவு விஷயத்தில் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்கிற ஜெர்மன் பாதிரியார் அச்சுக்கூடம் வைத்தபோது தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து 1713-இல் கப்பலில் அனுப்பினார்கள். வந்த எழுத்து அளவில் ரொம்பப் பெரிது. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள், பொறையாறில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். 300 வருடத்துக்கு முன்னாலேயே டெல்டாவில் இதே சண்டைதான், எழுத்துப் பெரிதானால் தாள் போதாது, சிறிதானால் படிக்க முடியாது. அப்போது அவர்கள் குறைத்தது சரி, ஏனென்றால் அது கையில் வைத்துப் படிக்கிற புத்தகம். போஸ்டருக்கு அந்த நியாயம் செல்லாது.

அப்புறம் பாமணி, எழுத்தை இழுக்கிறீர்களா?

பாமணி

இழுப்பேன் அக்கா. இடம் மிச்சம் இருந்தால் மூலையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பிவிடுவேன்.

மாயவரம் டிடிபி

அதை இன்றோடு விடுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் நிற்கிற கோடெல்லாம் பருக்கும், படுத்த கோடு அப்படியே மெலிதாக இருக்கும். ‘ம’வும் ‘ட’வும் வீங்கின மாதிரி நிற்கும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ மட்டமான வேலை என்று மட்டும் தோன்றும். அகலம் வேண்டுமானால் அகலமான ஃபான்ட் எடுங்கள், இல்லை அளவைக் கூட்டுங்கள்.

வரியை உடைக்கும்போதும் பார்த்து உடையுங்கள். புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. ‘நல்லடக்க’ என்று ஒரு வரி, கீழே ‘ம்’ தனியாக உட்கார்ந்திருக்கும், எத்தனை போஸ்டரில் பார்த்திருக்கிறேன். வரிக்கு வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட வேண்டும், மேலே ‘கீ’யின் சுழி, புள்ளி, கீழே ‘ழு’, ‘ஞ’, ‘ஸ்ரீ’ என்று நம் எழுத்து இரண்டு பக்கமும் கையை நீட்டும். நெருக்கினால் மேல் வரியின் ‘ழு’ கீழ் வரியின் ‘கீ’யில் போய் இடிக்கும்.

வெட்டாறு

ஃபான்ட்: பாமினி என்கிற பழைய ஃபான்ட்டை விட்டு, எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் யூனிகோடுக்கு வந்துவிடுங்கள். பாமினியில் அடித்த கோப்பை அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும், தேடவும் முடியாது. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, காட்டமரான், அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம், கடைத் தொழிலுக்கும் பயன்படுத்தலாம். தலைப்புக்குத் தடியாக, விளையாட்டாக வேண்டுமானால் பாலூ தம்பி, ஆனால் கண்ணீர் அஞ்சலிக்கு அதைப் போட்டுவிடாதீர்கள். போட்டோஷாப்பில் ‘கொ’ உடைந்து கொம்பு தனியாக, கால் தனியாக நின்றால் ஃபான்ட் மேல் தப்பில்லை. சில பதிப்புகளில் அமைப்பில் டைப் பகுதியில் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்று இருக்கும், அதற்கும் பழைய பதிப்பில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’, அதைத் தேர்ந்தெடுத்துப் புதுக் கோப்பு திறங்கள். காசு போடாமல் பழக இங்க்ஸ்கேப் என்கிற இலவச மென்பொருள் போதும், தமிழ் ஒழுங்காக வரும்.

முதல் 2 மாதத்துக்கு என் சொந்தச் சிபாரிசு: ஒரே ஃபான்ட், இரண்டே தடிமன், மூன்றே அளவு, ஒரே நிறம். தமிழில் ஆங்கிலம் மாதிரி பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, சாய்வெழுத்தும் நம் மரபில் இல்லை, அழுத்திச் சொல்ல நமக்கு அளவும் தடிமனும் இடமும்தான் ஆயுதம். அதை வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டால் பிறகு தங்கமும் ஒளிவட்டமும் தானாகக் குறையும்.

அரிசிலாறு

எழுத்து ஒரு படிப்பா என்று கேட்பவர்களுக்கு: 2010-இல் வந்த ரூபாய்க் குறியீட்டை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், மும்பை ஐஐடியில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வே தமிழ் எழுத்துருவியல்தான். தேவநாகரி ‘ர’வையும் ரோமன் ‘ஆர்’ஐயும் ஒன்றாக்கி மேலே இரண்டு கோடு, அவ்வளவு சின்ன விஷயம். இப்போது செல்போன் கீபோர்டிலும் இருக்கிறது.

பாமணி, பைக்கில் ஒரு மணி நேரம்தானே, ஒருநாள் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போங்கள். சாமி கும்பிட்ட பிறகு, கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் விமானத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். சுற்றிலும் கல்வெட்டு. ராஜராஜன் காலத்து எழுத்து, 1000 வருடம். ஒவ்வொரு வரியும் நூல் பிடித்த மாதிரி, எழுத்தின் உயரம் மாறாது, கல்லில் உளி வைத்தவர் இடைவெளியை எப்படிக் காப்பாற்றியிருக்கிறார் என்று பாருங்கள். அதே சமயம் படிக்க முயன்று பாருங்கள். எழுத்து பழக்கமில்லாதது ஒரு காரணம், ஆனால் எழுத்து பழகியவர்களே திணறுவதற்கு வேறு காரணம் இருக்கிறது: சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று நீங்களே பிரித்துக்கொள்ள வேண்டும். காலி இடம் என்ன வேலை செய்கிறது என்பது அது இல்லாத இடத்தில்தான் தெரியும். அடுத்த முறை பூ போடச் சொல்கிறவரிடம் இதைச் சொல்ல முடியாது, ஆனால் உங்களுக்கு உறுதி வரும்.

குடந்தை எனாமல்

பூ போடச் சொல்பவனிடம் சண்டை போடாதே. இரண்டு மாதிரி அடித்துக் காட்டு, ஏ4 தாளில். கடைக்கு வெளியே ஷட்டரில் ஒட்டிவிட்டு அவனையே எதிர்ச்சாரிக்குக் கூட்டிப்போ. திரையில் பார்த்துப் பேசினால் அவன் பூவைத்தான் பார்ப்பான். தூரத்தில் நிறுத்தினால் தன் கடைப் பெயரைத் தேடுவான். நான் சாக்பீஸில் எழுதிக் காட்டி அப்படித்தான் பல பேரைச் சம்மதிக்க வைத்தேன்.

பெரிய கோயில் என்றதும் தஞ்சாவூர் ஓவியத்தையும் பார்த்துவிட்டு வா. நடுவில் கண்ணன் குண்டாகப் பெரிதாக, சுற்றி நிற்கிற மற்றவர்கள் பாதி அளவு. தங்கத் தகடும் கல்லும் எவ்வளவு ஒட்டினாலும் யார் முக்கியம் என்று குழப்பமே வராது. அலங்காரம் குற்றமில்லை தம்பி, எல்லோரையும் ஒரே அளவில் வரைவதுதான் குற்றம்.

பாமணி

இதைக் கேட்டுவிட்டு என் பழைய பேனர்களைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் எல்லாமே பெரிது.

இன்னொரு சிக்கல். கண்ணீர் அஞ்சலியில் 43 பெயரை என்ன செய்வது? வெட்டவும் முடியாது. ஒரு பெயர் விட்டுப்போனால் சொந்தத்தில் பேச்சுவார்த்தை நின்றுவிடும். ஆனால் அதுதான் இடத்தை எல்லாம் தின்கிறது.

மாயவரம் டிடிபி

பெயர்களைக் குப்பை என்று நினைக்காதீர்கள். டிசைன் படித்த பிள்ளைகள் பலர் அங்கேதான் தப்பு செய்வார்கள், கோபித்துக்கொள்ளாதே அரிசிலாறு. அந்த வீட்டுக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்பதும் செய்திதான். ஆனால் அதைப் படிப்பவர் வேறு. நேரம் தெரிய வேண்டியவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், அவசரத்தில் இருக்கிறார். தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பவர் கிட்டே வந்து, விரல் வைத்துத் தேடுவார். 2 அடியில் நிற்பவருக்கு எழுத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போதும். இறந்தவர் முகமும் பெயரும் 30 அடிக்கு. கிழமை, தேதி, மணி, இடம் 15 அடிக்கு. பெயர்ப் பட்டியல் 2 அடிக்கு. ஒவ்வொரு வரிக்கும் அதன் தூரத்தைப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டு அப்புறம் கணினியைத் திறங்கள். பட்டியலை மூன்று பத்தியாகப் பிரித்து அகர வரிசையில் போட்டால் யார் பெயர் முதலில் என்ற சண்டையும் பாதி தீரும்.

முள்ளியாறு

அக்கா சொன்னது எங்கள் ஆற்றுத் தண்ணீர் முறை வைக்கும் நோட்டீஸுக்கும் பொருந்தும். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்பது மட்டும்தான் எனக்கு வேண்டும், அதற்கு மேல் அரைப்பக்கம் அறிவிப்பு வாசகம். பட்டியலைத் தேடுவதற்குள் செல்போனில் போட்டோ எடுத்துப் பையனிடம் கொடுத்துவிடுவேன்.

வெட்டாறு

பாமணி, உங்களுக்கு நல்ல பயிற்சி அது. கூலி இல்லாமல், அந்த நோட்டீஸை மாற்றி அமைத்துப் பாருங்கள். வாய்க்கால் பெயர் இடதுபக்கம், நாள்கள் மேலே, தண்ணீர் வரும் கட்டம் மட்டும் நிரப்பியிருக்க வேண்டும். முள்ளியாறு அண்ணனிடம் காட்டி, உங்கள் வாய்க்காலுக்கு எப்போது என்று கேட்டு, பதில் வர எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள்.

அச்சுக்கு ஒன்றிரண்டு, மறப்பதற்குள். திரையில் தெரியும் பளிச் பச்சை, பளிச் நீலம் அச்சில் வராது, திரை ஆர்ஜிபி ஒளி (சிவப்பு, பச்சை, நீலம்), அச்சு சிஎம்ஒய்கே மை (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு), அதனால் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கேயில் வேலை செய்யுங்கள். ஆஃப்செட்டுக்குக் கொடுக்கும் பொடி எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள், நான்கு மைகளின் பிளேட்டிலும் போட்டால், ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகிற ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் வண்ணம் நீட்டி விடுங்கள்.

சும்மா படிப்பவன்

நோட்டீஸ் யோசனை நல்லது. பேனரில் கியூஆர் கோடு போடுகிறார்களே, எங்கள் தெருவில் ஒன்று எத்தனை முறை காட்டினாலும் எடுக்கவில்லை, அது ஏன்?

வெட்டாறு

சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டிருக்க மாட்டார்கள். அதில் இருக்கும் சின்னக் கட்டத்தில் நான்கு கட்ட அளவாவது நாலு பக்கமும் காலி இருக்க வேண்டும், பார்டர், பூ எதுவும் தொடக்கூடாது. இல்லையென்றால் நிறத்தைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள், கறுப்பில் வெள்ளை. போட்டோ அனுப்புங்கள்.

சும்மா படிப்பவன்

பார்த்துவிட்டேன். ஓரத்தில் மாவிலைத் தோரணம் ஓடுகிறது.

பாமணி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

இன்று இரவு இன்னொரு கண்ணீர் அஞ்சலி வந்தது. 20க்கு 30 அங்குலம். தாளில் இதே ‘நாளை’. “என்ன கிழமை, என்ன தேதி” என்று கேட்டு எழுதினேன், எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது. பென்சிலால் தூரம் குறித்தேன். வெள்ளைப் பின்னணி, படம் மேலே, பெயர் 3 அங்குலம். அதற்குக் கீழே கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் கிழமை, தேதி, மணி, தெரு, ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. 31 பெயர், அகர வரிசை, மூன்று பத்தி. ஒரே ஃபான்ட், முக்தா மலர். பெரிய மாப்பிள்ளை மட்டும் “என் பெயர் ஏன் நடுவில் போச்சு” என்றார், ‘ப’ வரிசையில் வருகிறது என்றேன், முகம் சுளித்தார், விட்டுவிட்டார். ரோஜாப் பூ வேண்டும் என்றார்கள். இரண்டு மாதிரி ஏ4-இல் அடித்து ஷட்டரில் ஒட்டி எதிர்ச்சாரிக்கு அழைத்துப் போனேன், இரவு 10 மணிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில். அங்கே நின்று பார்த்துவிட்டு அவரே “பூ வேண்டாம், அந்தப் பட்டையை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கு” என்றார்.

எதிர் டீக்கடை மாஸ்டர் கடை அடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம், அண்ணே இதில் என்ன போட்டிருக்கு என்றேன். கிழமையும் மணியும் சொன்னார். தெரு பெயரைச் சொல்லவில்லை. திரும்பவும் கேட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார்.

குடந்தை எனாமல்

அப்போது தெரு பெயருக்கு இன்னும் கால் அங்குலம் கூட்டியிருக்க வேண்டும். மணியிலிருந்து ‘அளவில்’ என்கிற சொல்லை எடுத்துவிட்டாயா? அதை எடுத்தாலே இடம் கிடைக்கும்.

பாமணி

‘மணியளவில்’ என்றுதான் இருந்தது ஐயா. எடுத்துவிட்டேன், தெரு பெயர் சரியாக உட்கார்ந்தது. விடியற்காலை ஒட்டப் போகும்போது நானும் கூடப் போகிறேன்.

மாயவரம் டிடிபி

போங்க தம்பி. வெயில் நேராக அடிக்கிற சுவரில் ஒட்டவிடாதீர்கள், பசை காய்ந்து ஓரம் சுருண்டால் முதலில் மறைவது கீழ்ப் பட்டைதான்.